நாலு வருசத்துக்குக் காணும் கோட்டு வேண்டாம்

கேள்வி: எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி. என் கணவர் டெல்லிக்கு மாற்றலாகி ஆகஸ்டிலேயே போய்விட்டார். நானும் பிள்ளைகளும் அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் டிசம்பர் கடைசி வாரம் திருக்குறள் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறோம். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு மூன்று. குளிர் உடுப்புக்கு இரண்டு பேருக்குமாக 9,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் ஜாக்கெட் ஒன்றுக்கே 3,000 சொல்கிறார்கள். "ரெண்டு பிள்ளையளுக்கும் பெரிய கோட்டா ஒண்ணொண்ணு எடுத்துரு, நாலு வருசத்துக்குக் காணும்" என்கிறார்கள் அத்தை. சின்னவளுக்குக் கம்பளி பட்டாலே அரிப்பு எடுத்துவிடும். எதை இங்கே வாங்குவது, எதை அங்கே வாங்குவது?

- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அத்தை சொல்வதில் பாதி சரி. ஆளுக்கொரு நல்ல மேல்ஜாக்கெட் வேண்டும்தான். ஆனால் அது பெரிதாக இருக்கக் கூடாது, நாலு வருசத்துக்கு வரவும் வராது. உங்கள் 9,000 ரூபாயில் ஜாக்கெட்டுக்குப் போக வேண்டியது மூன்றில் ஒரு பங்குதான். மீதிப் பணம் வெளியே தெரியாத துணிகளுக்கு.

அங்கே என்ன குளிர் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நம்மூரில் மார்கழி விடிகாலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். டெல்லியில் நீங்கள் போய் இறங்குகிற டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் பாதியும்தான் ஆண்டிலேயே கடுங்குளிர். இரவில் சாதாரணமாக 7, 8 டிகிரி. குளிர் அலை வந்தால் 3, 4 வரை போகும். வெயில் அடிக்கிற நாளில் மதியம் 20 டிகிரி வந்துவிடும். மூடுபனி கலையாத நாளில் பகல் முழுவதும் விடிகாலை மாதிரியே கிடக்கும். பனிக்கட்டி கொட்டுகிற ஊர் இல்லை. ஆகவே சிம்லாவுக்கும் காஷ்மீருக்கும் என்று விற்கிற சாமான் உங்களுக்குத் தேவையில்லை.

ஒன்றைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்: அங்கே வீட்டுக்குள்ளேயும் குளிரும். நம் வீடுகளைப் போலவே சிமென்ட் சுவர், மொசைக் தரை. வீடு முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு பெரும்பாலான வீடுகளில் கிடையாது. பிள்ளைகள் திறந்த வெளியில் இருப்பது ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வகுப்பறை, வீடு, படுக்கை. கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டில் கைவைக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. அதனால்தான் உள்துணிக்குக் காசு வையுங்கள் என்கிறேன்.

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈர பனியனோடு சாரல் காற்றில் நின்றால் பல் தந்தியடிக்கும். அப்போது அங்கே குளிர் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. நடுங்க வைப்பது ஈரமும் காற்றும்தான். துவட்டி, உலர்ந்த சட்டை ஒன்றைப் போட்டு, காற்றுப்படாத பக்கம் நகர்ந்தால் நடுக்கம் நின்றுவிடும். டெல்லிக்கும் இதே கணக்குதான். உடம்போடு ஒட்டிய துணி உலர்ந்திருக்க வேண்டும்; அதற்கு மேல் ஒரு துணி காற்றை அசையாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும்; வெளியே ஒரு துணி காற்றைத் தடுக்க வேண்டும். மூன்று வேலைக்கு மூன்று துணி. ஒரே தடிக்கோட்டு இந்த மூன்றையும் செய்யாது.

தொளதொள கோட்டு ஏன் குளிரும் என்றால், பிள்ளை ஓடுகிற ஒவ்வோர் அசைவுக்கும் உள்ளே இருக்கிற சூட்டுக் காற்று கழுத்து வழியாக வெளியேறி, கீழேயிருந்து குளிர்காற்று ஏறும். கொல்லன் துருத்திதான். அதோடு, இந்த வயதுப் பிள்ளைகள் ஆண்டுக்குச் சுமார் 6 செ.மீ. உயருவார்கள், மார்புச் சுற்றளவோ 2 செ.மீ. அளவுக்குத்தான் கூடும். பிள்ளை நீளத்தில் வளர்கிறான், அகலத்தில் அல்ல. இரண்டு அளவு பெரிதாக எடுத்த கோட்டில் முதல் இரண்டு வருசம் அகலம் வீண். மூன்றாம் வருசம் அகலம் சரியாக வரும்போது கை நீளம் போதாது, ஜிப்பும் போயிருக்கும். கை மட்டும் 4, 5 செ.மீ. நீளமாக, மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்ததாக எடுங்கள். மிச்ச நீளம் எலாஸ்டிக்குக்கு மேலே புடைத்து நிற்கும், கைக்குள் வந்து விழாது. அப்படி எடுத்தால் இரண்டு குளிர்காலம் தாராளமாக வரும். அதுவே நல்ல கணக்கு.

உள்துணி என்பது தெர்மல். கடையில் தொங்குகிற எல்லா முழுக்கை பனியனும் தெர்மல் ஆகிவிடாது. உட்புறத்தை விரலால் தடவுங்கள்: ஒன்று, பஞ்சு எழுப்பி மெத்தென்று இருக்க வேண்டும்; அல்லது சின்னச் சின்னக் கட்டமாகக் குழிந்திருக்க வேண்டும். அந்தக் குழிகள்தான் காற்றைப் பிடிக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கத்து விரல் தெளிவாகத் தெரியக் கூடாது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது நல்லது. நூறு சதவீதப் பருத்தி உங்கள் எட்டு வயதுக்காரனுக்கு ஒத்துவராது: பள்ளியில் ஓடியாடி வேர்த்தால் பருத்தி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் உலராது. வேர்வை அடங்கியதும் அதே பனியன் ஈரத்துணியாக முதுகில் ஒட்டும். எந்தத் துணியானாலும், பள்ளி விட்டு வந்ததும் உள்பனியனை மாற்றிவிடுகிற பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மல் உடம்பைப் பிடித்தாற்போல் இருக்க வேண்டும். இதில் மட்டும் "வளர்கிற பிள்ளை" என்று பெரிதாக எடுத்தால் முழுப் பணமும் போச்சு. அக்குளில் துணி சுருண்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு வயிறு வெளியே தெரியும். அளவு எண் சில கம்பெனியில் 18, 20, 22 என்று இஞ்சிலும், சிலவற்றில் 45, 50, 55 என்று செ.மீ.யிலும் இருக்கும். இரண்டுமே மார்புச் சுற்றளவுதான். சட்டை முதுகு நீளமாக, கால்சட்டைக்குள் சொருக வருகிறதா என்று பாருங்கள். ஆளுக்கு மூன்று செட் வேண்டும். இரண்டு போதாது. மூடுபனி நாளில் கொடியில் போட்டது இரண்டு நாளானாலும் நசநசவென்றே இருக்கும். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்றால்தான் கை கடிக்காது.

சின்னவளின் அரிப்புக்கு வருகிறேன். கம்பளி அரிப்பு பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. தடித்த ஆட்டு ரோமத்தின் வெட்டு முனைகள் ஊசி மாதிரி தோலில் குத்துவதுதான் காரணம். மெல்லிய மெரினோ ரோமம் அப்படிக் குத்தாது, ஆனால் உங்கள் பணத்துக்கு அது கட்டுபடியாகாது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கம்பளியே வேண்டாம். தெர்மலுக்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற பாலியெஸ்டர் துணி போட்டால் போதும். தெர்மலின் கழுத்து லேபிளைத் தையல் வரை ஒட்ட வெட்டுங்கள். பாதியில் வெட்டினால் அந்த முனை கம்பளியை விட மோசமாகக் குத்தும். தெர்மல் பட்டாலும் தோல் சிவந்து தடித்தால், அது குத்தலால் வருவது அல்ல; பிள்ளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடுத்துணிக்கு ஃப்ளீஸ், அக்ரிலிக், கம்பளி என்று மூன்று வழி. ஃப்ளீஸ் பாலியெஸ்டரில் பஞ்சு எழுப்பிய துணி. விலை குறைவு, சீக்கிரம் உலரும், குத்தாது, பூச்சி தின்னாது. 200 முதல் 280 ஜி.எஸ்.எம். வரை இருந்தால் டெல்லிக்குச் சரி. அதாவது ஒரு சதுர மீட்டர் துணி அத்தனை கிராம் எடை. லேபிளில் இது பெரும்பாலும் இருக்காது. அப்போது துணியை உள்ளங்கையால் அழுத்தி இருபது முப்பது தடவை தேயுங்கள். குருணை குருணையாக உருண்டை கட்டினால் இரண்டு மாதத்தில் பழந்துணி ஆகிவிடும். ஃப்ளீஸின் பெரிய குறை, காற்று ஊடுருவும். வீட்டுக்குள் அதைப்போல ஒன்றில்லை. ஸ்கூட்டரில் முன்னால் நிற்கிற பிள்ளைக்கு அது மட்டும் போட்டால் ஒன்றும் போடாத மாதிரிதான்.

அக்ரிலிக் என்பது கம்பளி போலத் தெரியும் செயற்கை நூல். பள்ளி ஸ்வெட்டர்களில் நிறைய இதுதான். டெல்லிக் கடைக்காரர் "கேஷ்மிலான்" என்று சொன்னால் அதுவும் அக்ரிலிக்தான். காஷ்மீர்க் கம்பளி என்று நினைத்துக் கூடக் கொடுத்துவிடாதீர்கள். "சுத்தக் கம்பளி" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், வாங்கிய பிறகு உள்தையலில் இருந்து இரண்டு மூன்று இழை உருவி, இடுக்கியில் பிடித்து, அடியில் தட்டு வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது. கம்பளி மயிர் கருகுகிற நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கரும்புகை விட்டு, கறுத்த கெட்டி மணியாக உறையும். பருத்தி காகிதம் எரிகிற வாடை. கடையிலேயே செய்து சண்டையைக் கிளப்ப வேண்டாம். அதே கடையில் அடுத்தது வாங்கலாமா என்று தெரிந்துகொள்ள உதவும்.

பெரியவனுக்கு ஸ்வெட்டர் வாங்கும் முன் ஒரு வேலை: புதுப் பள்ளியில் குளிர்காலச் சீருடை என்ன நிறம் என்று கணவரைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே பள்ளிகள் குளிர்காலத்துக்குத் தனிச் சீருடை வைத்திருக்கும். கருநீலமா, மெரூனா, சாம்பலா, கழுத்து வடிவம் என்ன என்று கறாராகப் பார்ப்பார்கள். இங்கே ஆசையாக ஒரு பச்சை ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போனால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான்.

இனி ஜாக்கெட். மேல்துணியில் வாயை ஒட்டி வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கக் கையில் பட்டால் காற்றும் புகும். ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு நிற்க வேண்டும். உள்ளே இருப்பது பாலியெஸ்டர் பஞ்சு. டெல்லிக்கு அதுவே போதும். சந்தையில் "டௌன்", அதாவது பறவை இறகு, என்று சொல்லி விற்கிற மலிவு ஜாக்கெட்டிலும் பெரும்பாலும் இதே பஞ்சுதான், இறகுக்கு என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பஞ்சை முஷ்டியில் அமுக்கிப் பிடித்து விட்டால் சில நொடிகளில் எழ வேண்டும். ஜாக்கெட்டில் போட்டிருக்கிற குறுக்குத் தையல்கள் அழகுக்கு இல்லை, பஞ்சு சரியாமல் பிடிக்கத்தான். இரண்டு தையலுக்கு நடுவே நாலு ஐந்து விரல் அகலம் இருக்கலாம்; ஒரு சாண் போனால், இரண்டு துவைப்பில் பஞ்சு அடிவிளிம்பில் இறங்கி, தோள்பட்டையில் வெறும் துணி நிற்கும். உட்பக்கத்தைத் திருப்பி அக்குள் தையலை இரண்டு கையாலும் இழுங்கள். நூலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பாக்கெட் மூலைகளில் நெருக்கமாகக் குறுக்கே அடித்த கட்டுத்தையல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகள் கையை விட்டு முதலில் கிழிப்பது அந்த இடத்தைத்தான்.

ஆனால் பிள்ளைகளின் ஜாக்கெட் கிழிந்து போவதை விட ஜிப் போய்த்தான் வீணாகும். ஜிப்பின் அடிமுனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சின்ன முள், மறுபக்கம் அது சொருகும் பெட்டி. முள்ளைப் பிடித்திருக்கிற நாடா விறைப்பாக, மெழுகு தடவினாற்போல் இருக்க வேண்டும். அங்கே ஒரு பிசிர் தெரிந்தாலும் அவ்வளவுதான், தினம் இரண்டு தடவை முள்ளைக் குத்திக் குத்தி ஒரு மாதத்தில் நாடா நைந்துவிடும். ரன்னரின் பின்புறம் பல சமயம் ஓர் எண் இருக்கும். ஜாக்கெட்டுக்கு 5 வேண்டும். 3 என்பது பாவாடைக்கும் பாக்கெட்டுக்கும் வைக்கிற சன்ன ஜிப். கடையிலேயே பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். மேல்முனையில் ரன்னரை மூடுகிற சின்னத் துணி மடிப்பு இருந்தால் தாடையில் கடிக்காது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது கட்டாயம். ஒருமுறை தாடைத் தோலைக் கடித்துவிட்டால் அப்புறம் அந்த ஜாக்கெட்டைப் போட ஒவ்வொரு நாளும் போராட்டம்தான்.

பெரியவனுக்கு ஜிப் போடச் சொல்லிக் கொடுங்கள்: ரன்னரை முழுக்க இறக்கு, முள்ளைப் பெட்டியின் அடி வரை சொருகு, அடியைப் பிடித்துக்கொண்டு பிறகு இழு. முள் பாதி சொருகி இருக்கும்போதே இழுப்பதால்தான் பாதி ஜிப்புகள் சாகின்றன. ரன்னர் ஏறிய பிறகு பின்னாலேயே பல் பிரிந்துகொண்டு வந்தால் ஜிப்பை மாற்ற ஓடாதீர்கள். ரன்னரின் வாய் அகன்றிருக்கும். குறட்டால் அதன் பின்பக்க இரண்டு ஓரத்தையும் மெல்ல, ஒவ்வொரு பக்கமாக, மயிரிழை அளவு அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். ஒரேயடியாக அமுக்கினால் ரன்னர் உடையும். இழுக்கக் கடினமாக இருந்தால் மெழுகுவத்தியைப் பல்லில் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் போடாதீர்கள், தூசி சேரும்.

ஜாக்கெட்டின் கழுத்திலோ குல்லாயிலோ இழுத்துக் கட்டுகிற கயிறு இருந்தால் வாங்கிய அன்றே உருவி எறியுங்கள். சறுக்குமரத்திலும் பள்ளி வேன் கதவிலும் மாட்டிக் கழுத்தை இறுக்கும். அதே காரணத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு மஃப்ளர் வேண்டாம்; ஸ்கூட்டர் சக்கரத்தில் சிக்கினால் விபரீதம். காதும் கழுத்தும் மூட மங்கி குல்லா போதும், போட்டோவில் அழகாக இராது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. தூங்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள்.

கால்களுக்கு உள்ளே பஞ்சு எழுப்பிய ட்ராக் பேண்ட் ஆளுக்கு இரண்டு. முழங்காலில் இரட்டைத் துணி வைத்தது கிடைத்தால் சின்னவளுக்கு அதை எடுங்கள். மொசைக் தரையில் தவழ்ந்து விளையாடுகிற வயது. சாக்ஸ் ஆளுக்கு ஐந்து ஜோடி. இரண்டு சாக்ஸை ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கிப் போட்டு ஷூவில் திணித்தால் கால் அதிகம் குளிரும்: இறுகினால் இரத்த ஓட்டம் குறையும், காற்று தங்க இடமும் இராது. ஒரு தடித்த சாக்ஸ், அதைப் போட்ட பிறகும் விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம். வீட்டுக்குள் நடக்க மூடின ரப்பர் அடிச் செருப்பு ஒன்று. கையுறை பெரியவன் எப்படியும் தொலைப்பான், மலிவாக வாங்குங்கள். சின்னவளுக்கு விரல் பிரியாத பை மாதிரிக் கையுறை.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு உங்கள் வீட்டு நிலைமையே பதில். கணவர் அங்கே இருக்கிறார், ஆகவே ஜாக்கெட்டை இங்கே 3,000 கொடுத்து எடுக்கத் தேவையில்லை. நம் பக்கத்துக் கடைகளில் குளிர் உடுப்பு பெரும்பாலும் கொடைக்கானலுக்கு இரண்டு நாள் போகிறவர்களுக்காக வைப்பது. தேர்ந்தெடுக்க அதிகம் இராது. பனியன் வகைக்குத் திருப்பூர் நமக்குப் பக்கம், ஸ்வெட்டர் வகைக்கு லூதியானா அவர்களுக்குப் பக்கம். எனவே தெர்மலில் ஆளுக்கு ஒன்றிரண்டு செட், சாக்ஸ், ஆளுக்கொரு சாதாரணக் குல்லா இவற்றைத் திருநெல்வேலி டவுனிலோ பாளையங்கோட்டையிலோ எடுங்கள். கூடவே ஆளுக்கொரு ஃப்ளீஸ் மேல்சட்டை. இங்கே நல்லது கிடைக்காவிட்டால் இணையத்தில். இவை ரயிலுக்கே வேண்டும்: இரண்டாவது இரவில், நாகபுரி, போபால் பக்கம் போகும்போது சன்னலோரம் குளிர் ஏறிவிடும். தெர்மலை அன்று மாலையே போட்டுவிடுங்கள். நடுராத்திரி பெர்த்தில் தூங்குகிற பிள்ளையை எழுப்பி மாட்ட முடியாது.

ஜாக்கெட், ட்ராக் பேண்ட், மங்கி குல்லா, பள்ளி ஸ்வெட்டர் எல்லாம் கணவர் வாங்கி நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குக் கையோடு கொண்டு வரட்டும். காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தை ஒட்டிய மோனாஸ்டரி மார்க்கெட் குளிர் உடுப்புக்குப் பேர் போனது. லஜ்பத் நகரும் கரோல் பாக்கும் உண்டு. சரோஜினி நகரில் ஏற்றுமதியில் கழிந்த நல்ல துணி மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஏன் கழிந்தது என்று கண்டுபிடிக்காமல் வாங்கக் கூடாது. ஒரு கை நீளமும் மறு கை குட்டையுமாக இருப்பதுகூட நடக்கும். திங்கட்கிழமை இந்தக் கடைவீதிகளில் பெரும்பாலும் விடுமுறை.

பணத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஜாக்கெட் இரண்டுக்கு 2,800, தெர்மல் ஆறு செட்டுக்கு 2,100, ட்ராக் பேண்ட் நாலுக்கு 1,300, ஃப்ளீஸ் இரண்டுக்கு 1,000, பள்ளி ஸ்வெட்டருக்கு 600, குல்லா, சாக்ஸ், கையுறைக்கு 800. மொத்தம் 8,600. மீதி 400-ஐ தைத்துக் கொடுப்பவருக்கும் தொலையப் போகும் கையுறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஷூ இதில் சேரவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது சின்னதாகிப் போன ஜாக்கெட் கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள். ஜிப் நன்றாக இருந்தால் புதுசை விட மோசமில்லை, துவைத்துப் போட்டுக்கொள்ளலாம். நம்ம பொங்கல் சமயம் அவர்களுக்கு லோஹ்ரி. அது கழிந்ததும் கடைகள் குளிர் சாமானைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அடுத்த வருசத்துக்கு வேண்டிய ஃப்ளீஸை ஓர் அளவு கூட்டி அப்போது எடுக்கலாம்.

கணவருக்கு வயதைச் சொல்லி வாங்கச் சொல்லாதீர்கள். "எட்டு வயசு" என்பது ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வோர் அளவு. ஃப்ளீஸ் போட்ட நிலையில் பிள்ளையை நிறுத்தி அக்குளுக்கு அடியில் மார்பைச் சுற்றி இஞ்சு டேப் வைத்து அளந்து, 10 செ.மீ. கூட்டுங்கள். கடையில் ஜாக்கெட்டை ஜிப் போட்டு மேசையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்தால் அதில் பாதி வர வேண்டும். உதாரணமாக, ஃப்ளீஸோடு பெரியவன் மார்பு 66 செ.மீ. என்றால் ஜாக்கெட் சுற்றளவு 76, விரித்த அகலம் 38. கைக்கு, பின்கழுத்து எலும்பில் தொடங்கி, தோள் வழியாக, முழங்கையை லேசாக மடக்கி மணிக்கட்டு வரை. அதோடு 4 செ.மீ. முதுகு நீளம் உட்காரும் இடம் மூடும் வரை. ஷூவுக்குப் பிள்ளையைச் சாயங்காலம் தாளின் மேல் நிற்க வைத்து, தடித்த சாக்ஸோடு, பென்சிலை நேராகப் பிடித்துக் காலைச் சுற்றி வரையுங்கள். படம் எடுத்து அனுப்பும்போது பக்கத்தில் அடிக்கோலை வையுங்கள், இல்லாவிட்டால் செல்போனில் எல்லாக் காலும் ஒரே அளவுதான்.

துவைப்பதில் நம் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். தாமிரபரணிப் படித்துறையில் கல்லில் அடித்து முறுக்கிப் பிழிகிற வேகத்தைக் கம்பளியிடம் காட்டினால் எட்டு வயது ஸ்வெட்டர் மூன்று வயதுக்காரிக்கு ஆகிவிடும். ரோமத்தின் மேல் மீன் செதில் மாதிரிச் செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு விடுவிக்க முடியாது. பச்சைத்தண்ணீர், பட்டுக்குப் போடுகிற பூந்திக்கொட்டை அல்லது மென்மையான திரவச் சோப்பு, பத்து நிமிடம் ஊறல், கசக்காமல் அமுக்கிப் பிழிதல், துண்டில் சுருட்டி ஈரம் எடுத்தல், நிழலில் படுக்கப் போட்டு உலர்த்தல். சலவைச் சோடா கூடவே கூடாது. கொடியில் தொங்கவிட்டால் ஸ்வெட்டர் முழங்கால் வரை நீளும்.

அக்ரிலிக்கும் ஃப்ளீஸும் மெஷினில் போடலாம், உள்பக்கம் வெளியே திருப்பி. இஸ்திரிப் பெட்டி இரண்டின் பக்கமும் போகக் கூடாது. அக்ரிலிக் சூட்டில் தளர்ந்து பளபளத்துத் தொங்கிவிடும். ஹீட்டர், அடுப்புப் பக்கமும் இந்தத் துணிகளோடு பிள்ளைகளை ஒரு மீட்டர் தள்ளியே வையுங்கள். எரிந்தால் உருகித் தோலில் ஒட்டும். குளிருக்கு என்று மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டுகிற வழக்கம் அங்கே உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள், நச்சுவாயு தெரியாமலே உயிரைக் குடிக்கும். ஜாக்கெட்டை மாதம் ஒருமுறை துவைத்தால் போதும். காலரையும் குல்லாயின் உட்பக்கத்தையும் மட்டும் வாரம் ஒருமுறை சோப்புத் துணியால் துடையுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிற நம் பிள்ளைகளுக்கு அங்கேதான் பிசுக்கு ஏறும். தேங்காய் எண்ணெய் புட்டியில் கட்டியாகக் கிடக்கும், வெந்நீரில் வைத்து எடுங்கள்; தேய்த்த கையோடு ஜாக்கெட்டை மாட்ட வேண்டாம். ஜாக்கெட் காயும்போது பஞ்சு கட்டி கட்டியாக நிற்கும். பாதி காய்ந்ததும் தலையணையைத் தட்டுகிற மாதிரி எல்லாப் பக்கமும் தட்டி, கட்டியை விரலால் பிரித்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு பிரிக்க முயன்றால் பஞ்சு கிழியும்.

மார்ச் ஹோலியோடு எல்லாவற்றையும் கட்டி வைக்கலாம். துவைக்காமல் வைக்கவே கூடாது. அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், அதிலும் வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் இருக்கிற இடத்தை முதலில் தின்னும். ஃப்ளீஸ், அக்ரிலிக், பாலியெஸ்டரை அது தொடாது, ஆகவே உங்கள் மூட்டையில் பெரும்பகுதிக்கு அந்துருண்டையே தேவையில்லை. கம்பளி ஏதாவது இருந்தால் அதை மட்டும் வெயிலில் நன்றாக உலர்த்தி, தனியாக ஒரு காற்றுப்புகாத பையில் கட்டுங்கள். அந்துருண்டை போட்டே தீர வேண்டும் என்றால் துணியில் சுற்றி, சின்னவள் கைக்கு எட்டாத பெட்டியில் போடுங்கள். மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும் வயது. ஜி6பிடி என்கிற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடை ஏறிய துணியே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அடுத்த நவம்பரில் பெட்டியைத் திறந்ததும் இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, துவைத்து, வாடை போன பிறகே போடுங்கள். அப்போதே பெரியவனை ஜாக்கெட்டை மாட்டிக் கையைத் தூக்கச் சொல்லுங்கள்: மணிக்கட்டு எலும்பு வெளியே தெரியாவிட்டால் அந்தக் குளிர்காலத்துக்கும் அதுவே.